ராயக்கோட்டையின் நிறம்: ஒரு பனிக்கால வெளிச்சத்தின் வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது, கரைகளுக்குப் பஞ்சமில்லை. நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளியில் ஒரு முறையும் கிருஷ்ணகிரிக்கு மேற்கே இன்னொரு முறையும் அணையில் தேங்குகிறது. இவை தவிர ஓசூர் ராமநாயக்கன் ஏரி, பாரூர்ப் பெரிய ஏரி, ஊருக்கு ஊர் மன்னர்களும் பாளையக்காரர்களும் ஊராரும் வெட்டிவைத்த சிறு ஏரிகள் எனப் பல உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலும் தையிலும் இந்தக் கரைகளில் விழுகிற வெளிச்சம் தனி வகை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியும்போது மூடுபனி, அது விலகியதும் மழை கழுவிவிட்ட வானம் அடர்நீலமாகத் தெரியும். காற்றில் குளிர் இருக்கும், வெயிலில் கூர்மை இருக்கும். நீரை ஒட்டிச் செம்மண் வண்டல், அதற்கு மேலே காய்ந்த புல், அதற்கும் மேலே கருங்கல் பாறை என்று கரை அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். இந்த அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக்காட்டுவது நிறம்தான். அந்த நிறம் படங்களில் எப்போது வந்தது, எப்போது காணாமல் போனது, யார் கையால் திரும்பியது என்பதை ஆராய்வது இந்தக் கட்டுரை.

ஒளிப்பட வரலாறு பொதுவாக ஒரே திசையில் சொல்லப்படுகிறது: முதலில் கருப்பு-வெள்ளை, பிறகு நிறம், முதலில் குறை, பிறகு நிறைவு. இந்த மாநில எல்லைப்புறத்தின் படங்கள் அந்த வரிசைக்குக் கட்டுப்படவில்லை. இங்கே நிறம்தான் முதலில் வந்தது. 1790களில் ஓவியர்கள் இந்த மலைகளை வரைந்து, பிறகு வண்ணத்தில் அச்சிட்டார்கள். 1857-58 பனிக்காலத்தில் ஒளிப்படக் கருவி வந்தபோது அந்த வண்ணம் போய்விட்டது. அந்த முதல் ஒளிப்படங்களைக் ‘கருப்பு-வெள்ளை’ என்று சொல்லிக் கடந்துபோவதும் தவறு என்பதே என் வாதம். அவை நிறமே இல்லாத படங்கள் அல்ல; ஒரே ஒரு நிறத்தை மட்டும் பார்த்த படங்கள். வானத்திலிருந்தும் நீரிலிருந்தும் வந்த நீல ஒளி மட்டுமே அவற்றை எழுதியது. இது புரியாமல் பழைய படத்தைப் படிப்பவர்கள் நிலத்தைத் தவறாகப் படிக்கிறார்கள். புரிந்துகொண்டால், இன்று நம் கையிலிருக்கும் வண்ணப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெளிவாகும்.

முதலில் ஓவியர்கள். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், ஓசூரைத் திப்புவின் படை விட்டு விலகியது. அதே மாதம் ராயக்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை, கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதியைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அடுத்த மாதமே தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்த மலைக்கோட்டைகளை வரைய வந்தார்கள். பிறகு லண்டனில் அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் ராயக்கோட்டை இருக்கிறது, வீரபத்திரதுர்க்கம் இருக்கிறது, ஜெகதேவி மலைக்கோட்டை இருக்கிறது, ஓசூரும் இருக்கிறது. ராயக்கோட்டைப் படத்தின் தலைப்பு அந்த ஊரைப் பாராமகாலில் வைக்கிறது. ஓசூர்ப் படத்தின் தலைப்பு அதை மைசூர் நாட்டில் வைக்கிறது. 1792 உடன்படிக்கைக்குப் பிறகும் ஓசூர் 1799 வரை மைசூரின் கையில் இருந்தது. இன்று மாநில எல்லை ஓடும் இந்த நிலத்தில், அன்றைய எல்லை இரண்டு வண்ணப் படங்களுக்கு நடுவே ஓடியிருக்கிறது.

டேனியல்களிடமும் ஒரு பெட்டி இருந்தது. கேமரா அப்ஸ்கியூரா என்ற அந்த இருட்டுப் பெட்டி, எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும். ஓவியர் அந்தக் கோடுகளைத் தொடர்ந்து வரைவார். அதாவது வில்லையும் பிம்பமும் அப்போதே இருந்தன. பிம்பத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வேதிப்பொருள்தான் இல்லை. இந்த இடைவெளியில்தான் நிறம் நுழைந்தது. ஊர் ஊராகக் கோடும் நீர்வண்ணமுமாகக் குறித்துக்கொண்டதை லண்டனில் செப்புத் தகட்டில் அக்வாடின்ட் என்னும் பொறிப்பு முறையில் மாற்றினார்கள். ஓரிரு மையில் அச்சடித்த பிறகு, தாள் தாளாகக் கையால் வண்ணம் பூசினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. முழுத் தொகுதியின் விலை 210 பவுண்ட். வாங்கியவர்களில் பலர் இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பியவர்கள், போரின் செய்திகளைப் படித்தவர்கள். அவர்களுக்கு ராயக்கோட்டை என்பது கைப்பற்றப்பட்ட கோட்டை. படத்தின் இதமான மஞ்சளும் மங்கிய பச்சையும் அந்த வாங்குபவரின் வரவேற்பறையை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவையாகத் தோன்றுகின்றன.

இங்கே பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓவிய வரலாற்றில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. டேனியல்கள் ஏப்ரலில் கிளம்பினார்கள். ஓசூரும் ராயக்கோட்டையும் வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டரைப் பாகை அட்சத்தில் இருப்பவை. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் இவற்றின் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். மனிதனுடைய நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பாறையின் மடிப்புகள் தட்டையாகத் தெரியும். புழுதியும் வெப்பமும் தூரத்தை மங்கடிக்கும். ஏரிகள் வற்றும் காலம் அது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கதை வேறு. நடுப்பகலில்கூட சூரியன் 54 பாகை உயரத்தைத் தாண்டாது. தெற்கே சாய்ந்து நிற்கும். பத்தடிக் கம்பத்துக்கு ஏழடிக்கும் சற்று அதிகமான நிழல் வடக்கே விழும். ஒவ்வொரு பாறைக்கும் வெயில் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று அமையும். ஏரி நிரம்பியிருக்கும். ஆக, டேனியல்கள் கண்ட பாராமகாலும் பனிக்காலத்துப் பாராமகாலும் ஒளியில் வெவ்வேறு நிலங்கள். அவர்களுடைய படத்தில் நிழல் எங்கே விழுகிறது என்பது ஓவியரின் முடிவு. அந்த நாளின் சாட்சியம் அல்ல.

பனிக்காலத்தைத் தேர்ந்து வந்தவர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்தவர். 1839-இல் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படமெடுத்து, அடுத்த ஆண்டு சென்னைக் கண்காட்சியில் பதக்கம் பெற்றார். 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று அமரபுராவைப் படமெடுத்தார். பிறகு மதராஸ் மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். பெங்களூரில் தன் பட்டறையை அமைத்துக்கொண்டு, 1857 டிசம்பர் நடுவில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிப் புறப்பட்டார். ராயக்கோட்டை வழியாகத் தெற்கே இறங்கி, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, கோடை முற்றுவதற்குள் சென்னை சேர்ந்தார். அந்தப் பயணத்தின் பலனாக 1858-இல் வெளியான தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் உரியது. அப்போது ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகள் எல்லாம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. கவனிக்க வேண்டியது, அவர் கிளம்பிய நேரம் வட இந்தியாவில் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம். கோயிலையும் கோட்டையையும் படமாக்கிச் சேர்த்துவைக்க மதராஸ் அரசு அப்போதும் பணம் ஒதுக்கியது.

குளிர் அவருக்கு வசதிக்காக மட்டும் தேவைப்படவில்லை. தொழில் அதைக் கேட்டது. ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டைப் பூசி, காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது பெரும்பாடு. டிரைப் எடுத்துக்கொண்டது மெழுகுத்தாள் முறை. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்டது. தாளில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டில் ஒளியுணர்வு ஊட்டுவார்கள். முன்கூட்டியே செய்துவைத்துப் பயணத்தில் எடுத்துச் செல்லலாம். படமெடுத்த பிறகு காலிக் அமிலத்தில் நிதானமாகத் துலக்கலாம். வெப்பம் ஏறினால் இந்தத் தாளும் கறைபடும். எனவே டிசம்பரும் ஜனவரியும் பொருத்தமான மாதங்கள், மேட்டுநிலம் பொருத்தமான இடம். வேதிப்பொருளுக்கும் குளிருக்கும் உள்ள இந்த உறவு டிரைப்போடு முடிந்துவிடவில்லை. 1960-இல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்கு உதகமண்டலத்தைத் தேர்ந்தெடுத்ததும் தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காகத்தான். ஒளிப்படத்தின் வேதியியல் இந்த நாட்டின் தெற்கில் இரண்டு முறையும் மலைக் குளிரைத் தேடிப் போயிருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிரைப்பின் தாளில் இருந்த வெள்ளி அயோடைடு, ஒளியில் நீலம், ஊதா, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஆகியவற்றுக்கு மட்டுமே அசையும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அது குருடு. இதை ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் நடப்பது தெரியும். அடர்நீல வானம் தாளைப் பலமாகத் தாக்கும். அச்சில் அது வெறும் வெள்ளையாகிவிடும். நீர்ப்பரப்பு, தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது, வானத்தையே திருப்பிக் காட்டுவதால் அதுவும் வெள்ளை. பல நிமிடம் திறந்திருக்கும் வில்லைக்கு முன்னால் சிற்றலைகள் ஒன்றோடொன்று கலந்து தட்டைப் பலகையாகிவிடும். செம்மண் கிட்டத்தட்டக் கருப்பு. புளியமரமும் கருப்பு. காய்ந்த புல்லின் மஞ்சளும் கண் பார்ப்பதைவிடப் பல மடங்கு இருண்டது. நிழலில் கிடக்கும் பாறை மட்டும், வானத்தின் நீலம் அதன்மேல் படிவதால், எதிர்பார்த்ததைவிட வெளுப்பாக வரும். பனிக்காலத்துத் தெளிந்த வானம்தான் இந்தத் தாளுக்கு மிக விருப்பமான ஒளி. அந்தப் பருவத்தின் அழகு எதுவோ அதையே அந்தத் தாள் அழித்தது. குளிரும் வெளிச்சமும் டிரைப்புக்கு வேலையை எளிதாக்கின; அவற்றின் நிறத்தை அவரால் கொண்டுபோக முடியவில்லை.

இந்தக் குறையை அவர் அறிந்தே இருந்தார் என்பதற்கு அவருடைய நெகட்டிவ்களே சாட்சி. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் காக்கப்படும் தாள்களில் தூரிகைத் தடங்கள் உள்ளன. வெறும் வெள்ளையாகப் போயிருக்க வேண்டிய வானத்தில் மேகங்களை அவரே தீட்டினார். கருத்துக் கட்டிபோல் நின்ற மரங்களில் வண்ணத்தை ஒற்றி ஒற்றி இலைத்தொகுதிகளைப் பிரித்தார். அதே ஆண்டுகளில் பிரான்சில் லெ கிரே கடற்கரையில் இதே சிக்கலோடு போராடினார். கடலுக்குப் போதுமான நேரம் கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். வானத்துக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் கடல் இருண்டுவிடும். செட் துறைமுகத்தில் 1857-இல் அவர் எடுத்த பெரிய அலைப் படம் உட்படப் பல கடற்காட்சிகளில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் வைத்து அடிவானக் கோட்டில் இணைத்தார். மத்தியதரைக் கடலோரத்திலும் சேலம் மாவட்டத்து மேட்டிலும் ஒரே காலத்தில் இருவர், ஒரே குருட்டுத்தன்மைக்கு இரண்டு மாற்றுகளைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் டிரைப்பின் வானம் பொய்தானே, அவரைச் சாட்சியாக எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராயக்கோட்டை மேல் அன்று எந்த மேகம் நின்றது என்பதை அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வானிலை ஆய்வுக்கு அது பயன்படாது. ஆனால் தீட்டப்பட்டது எது, ஒளியால் பதிந்தது எது என்பதை நெகட்டிவில் பிரித்துக் காண முடிகிறது. தூரிகை தொட்ட இடம் தாளின்மேல் தனியாக நிற்கிறது. கோட்டை மதிலும் பாறையின் வெடிப்பும் தாளுக்குள் இருக்கின்றன. அவர் திருத்தியதும் தாள் தோற்ற இடங்களை மட்டுமே: வானத்தையும் இலைகளையும். மதிலை அவர் உயர்த்திக் காட்டவில்லை. திருத்தம் கண்ணுக்குத் தெரிகிற ஆவணம், திருத்தமே இல்லை என்று காட்டிக்கொள்ளும் ஆவணத்தைவிட நம்பத் தகுந்தது என்பதே என் முடிவு.

இழப்பை மட்டும் பேசினால் அந்தப் படங்களுக்கு நீதி செய்ததாகாது. நீலத்தை மட்டும் பார்க்கும் தாள், கரைக்கோட்டை எழுதுவதில் நம் கண்ணைவிடக் கூர்மையானது. நீர் வெள்ளை, செம்மண் கருப்பு. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறினாற்போல் எல்லை விழும். பழைய படம் எதில் ஏரியோ குளமோ ஆறோ வந்தாலும், அந்தப் பனிக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருந்தது என்பதை நம்பிக்கையோடு குறிக்க முடியும். மாறாக, கரைக்கு மேலே இருந்தது விளைநிலமா தரிசா, புதரா வெறும் செம்மண்ணா என்று அதே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. பச்சையும் சிவப்பும் அங்கே ஒரே கருப்பாகக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பார்த்துவிட்டு இந்தப் பகுதி அன்று எரிந்துபோனதுபோல் வறண்டு கிடந்தது என்று மனத்தில் பதித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த வறட்சியில் ஒரு பங்கு நிலத்தினுடையது அல்ல, வெள்ளி அயோடைடினுடையது.

நிறம் வேண்டுமென்றால் டேனியல்களிடம் போகலாமே, கோட்டுக்கு டிரைப், வண்ணத்துக்கு டேனியல் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. கேட்க இனிப்பான யோசனை. ஆனால் ஒன்று கோடையினுடையது, மற்றொன்று பனிக்காலத்தினுடையது; நடுவே அறுபத்தைந்து ஆண்டுகள். டேனியல் அச்சுகளின் ஒவ்வொரு தாளும் வேறொருவர் கையால் வண்ணம் பெற்றிருக்கக்கூடும். பிரதிக்குப் பிரதி பச்சை மாறும். அந்த வண்ணம் நிலத்தைப் பற்றிச் சொல்வதைவிட, நிலத்தை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அதுவும் வரலாறுதான், ஆனால் வேறு வரலாறு.

இன்னொரு மறுப்பு இன்றைய காலத்தினுடையது. பழைய கருப்பு-வெள்ளைப் படத்தைக் கணினி நொடியில் வண்ணமாக்கித் தருகிறது. டிரைப்பின் ராயக்கோட்டைக்கும் அப்படிச் செய்துவிடலாமே? செய்யலாம், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் மென்பொருள் அங்கே எதையும் மீட்பதில்லை. சிவப்பும் பச்சையும் தாளில் பதியவே இல்லை. பதியாததை மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சாதாரணக் கருப்பு-வெள்ளை பிலிம் எல்லா நிறத்தையும் வெளிச்ச அளவாக மாற்றிப் பதிவது. அதைப் பார்த்துப் பழகிய கணினிக்கு டிரைப்பின் கருத்த மண் கரிசல் மண்ணாகத் தோன்றும், வெளுத்த வானம் மேகமூட்டமாகத் தோன்றும். செம்மண் பூமியில் நீல வானத்தின் கீழ் எடுத்த படம், கரிசல் பூமியில் மப்பும் மந்தாரமுமான நாளில் எடுத்ததாக மாறும். டிரைப்பின் தூரிகையை ஏற்றுக்கொண்ட நான் இந்தத் தூரிகையை ஏற்க மறுப்பதற்குக் காரணம் இதுதான்: இது தன் தடத்தை விட்டுவைப்பதில்லை.

நிறம் உண்மையில் பதியத் தொடங்கிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1861-இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் மூன்று வடிகட்டிகள் வழியாக ஒரு ரிப்பனைப் படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி நிறத்தைக் காட்டினார். அன்றைய தகட்டுக்குச் சிவப்பு தெரியாதே, எப்படி நடந்தது என்ற புதிர் நூறாண்டு கழித்துத்தான் அவிழ்ந்தது: சிவப்புத் துணி புறஊதாவையும் திருப்பியனுப்பியிருக்கிறது, தகடு அதைப் பதிந்திருக்கிறது. 1873-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டார். 1907-இல் லூமியே சகோதரர்கள் சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கொண்டு ஆட்டோகுரோம் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1930களின் நடுவில் கோடாக்ரோம் வந்தது. இவை எவையும் உடனே நம் சிற்றூர்களுக்கு வரவில்லை. நம் ஸ்டுடியோக்களில் நிறம் என்பது நெடுங்காலம் பெரிதாக்கிய கருப்பு-வெள்ளைப் படத்தின்மேல் கையால் பூசப்பட்டதுதான். கல்யாணப் பட்டுக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள், பின்திரை ஏரிக்கு நீலம். டேனியலின் அச்சுக்கூடத்தில் நடந்ததும் நம் ஊர் ஸ்டுடியோவின் பின்னறையில் நடந்ததும் ஒரே வேலை. ஊட்டித் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்றபோதும் அதன் பலம் கருப்பு-வெள்ளையிலும் எக்ஸ்ரே பிலிமிலும்தான் இருந்தது.

டிரைப் இந்தப் பக்கம் வந்து நூறாண்டு நிறைந்த அதே காலத்தில், காமராசர் ஆட்சியில், தென்பெண்ணைக்குக் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தது. இன்று கேஆர்பி அணை என்று எல்லோரும் சொல்லும் அந்த நீர்த்தேக்கத்தின் கரை, அவர் பார்த்திராத கரை. குடும்பங்கள் வண்ணப் பிலிமோடு அங்கே போகத் தொடங்கியபோது, நிறத்துக்குப் புதிய நடுவர் ஒருவர் வந்துவிட்டார்: கலர் லேப். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த பிலிமில், பனிக்காலத்துத் தெளிந்த வானத்தின் கீழ் நிழலில் நின்றவரின் முகமும் வெள்ளைச் சட்டையும் நீலம் பாய்ந்துதான் பதியும். அங்கே படும் ஒளி வானத்திலிருந்து வருவது. லேப் அந்த நீலத்தைக் கழித்து, மஞ்சளைக் கூட்டி, முகத்தைச் ‘சரி’செய்து தரும். படம் இதமாகிவிடும், குளிர் போய்விடும். இன்று அந்த நடுவர் கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறார். வெண்சமன் என்ற பெயரில், படத்தில் எது வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கருவியே ஊகித்து மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்துகிறது. மார்கழி ஏழு மணிக்கு ஏரியின்மேல் இருந்த நீலச்சாம்பல் பத்து மணி வெயிலாக வெளிவருகிறது. டிரைப்பின் தாள் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியது. இந்தக் கருவிகள் நீலத்தைத் தேடித் தேடிக் களைகின்றன.

இதெல்லாம் ரசனைச் சிக்கல்தானே, ஒரு கரை கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்களுக்குக் கெலவரப்பள்ளியைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்கு வருகிறது. மழை பெய்து நீர் திறக்கப்படும்போதெல்லாம் கெலவரப்பள்ளி அணையின் கீழே நுரை ஆளுயரத்துக்கு எழுகிறது, பாலத்தையும் மூடுகிறது, காற்றில் பிய்ந்து வயலில் விழுகிறது. செய்தித்தாள்களில் வரும் படங்களில் அது வெயிலில் மின்னும் உறைபனிக் கரையாகவே தெரிகிறது. இந்தத் தோற்றத்தில் கருவியின் பங்கும் இருக்கிறது. நுரையில் பழுப்போ மஞ்சளோ கலந்திருந்தால், வெண்சமன் முதலில் கழிப்பது அதைத்தான். சட்டகத்தை நிறைத்திருக்கும் பெரிய வெளுத்த பரப்பையே வெள்ளைக்கு அளவாக எடுத்துக்கொண்டு, பின்னால் ஓடும் நீரின் கருமையையும் பச்சையையும் அதற்கேற்பத் திருத்திவிடும். அசுத்தத்தின் அடையாளம் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தையே படம் இழக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ஆற்றில், கழிவு யாருடையது, எப்போது அதிகமானது என்ற கேள்வி தீர்ப்பாயம்வரை போகும் காலத்தில், இந்த இழப்பு ரசனையோடு நிற்பதல்ல.

நீரின் தரத்தை ஆய்வகம் அளக்கும்போது படம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. ஆய்வகத்தின் எண்ணுக்குப் படம் மாற்றாகாது, அது உண்மை. ஆனால் ஆய்வகம் ஒரு குடுவை நீரைப் பற்றிப் பேசுகிறது. கரையின் நீளத்தையும், நுரையின் எல்லையையும், வண்டலின் நிறம் ஆண்டுக்காண்டு எப்படிக் கருத்துக்கொண்டு வருகிறது என்பதையும் படம்தான் சொல்லும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது செய்ததுபோல, படத்துக்குள் ஓர் அளவுகோல் வைக்கலாம். அதோடு சாம்பல் அட்டையும் நிற அட்டையும் வைத்தால், கருவி எந்த நிறத்தை எவ்வளவு நகர்த்தியது என்பதைப் பிறகு கணக்கிட்டுத் திருப்பிவிட முடியும். தேதி, மணி, நின்ற இடம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில், மழை கழுவிய வானமும் தாழ்ந்த சூரியனும் இருக்கும் அதே வாரத்தில், கெலவரப்பள்ளி, கேஆர்பி, ராமநாயக்கன் ஏரி ஆகிய மூன்று கரைகளில் குறித்த இடங்களில் நின்று எடுத்தால் போதும். மதராஸ் அரசு ஓர் ஒளிப்படக்காரரை அமர்த்தி இந்த மலைகளுக்கு அனுப்பியது. 1859-இல் வந்த ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அதை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தியதால், அடுத்த ஆண்டே அந்தப் பதவி ஒழிந்தது. இன்று அந்தச் செலவு மிகச் சிறியது. கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமோ, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள கல்லூரிகளோ, நீர்வளத் துறையோ, யாராவது ஒருவர் அந்த அட்டையை வாங்கி, படங்களைத் தேதிவாரியாகச் சேர்த்துவைக்கும் பொறுப்பை ஏற்றாக வேண்டும்.